ஐம்பத்தைந்து பெரியதா, ஐம்பது பெரியதா

கேமரா என்ற பேச்சை யாராவது எடுத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிவிடும். கல்யாண வீட்டில் போட்டோக்காரர் அந்தக் கறுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் முன்னால் வந்து, “ஐயா, கொஞ்சம் சிரிங்க” என்றால், என் மனைவி பக்கத்திலிருந்து என் முழங்கையைப் பிடித்து அழுத்துவாள். நான் ஏதாவது சொல்லிவிடுவேன் என்று அவளுக்குப் பயம். அங்கே சொல்ல முடியாததை இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். பிறந்தது சுரங்கத்துக்குப் பக்கத்துக் கிராமமான வடக்குத்து. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். பத்தொன்பது வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில், எங்கள் பேச்சில் மைன்சில், காண்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்தேன். கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் கொட்டிக் கிடக்கும் மண்ணை வாரி மறுபடியும் பெல்ட்டில் போடுவதுதான் வேலை. மழை பெய்தால் அந்த மண் களியாகி மண்வெட்டியை விடாது பிடித்துக்கொள்ளும். அங்கிருந்து பர்மனெண்ட் ஆனேன். கிரீஸ் அடித்தேன். ஹெல்பர் ஆனேன். டிப்ளமா படித்தவர்களோடு சேர்ந்து டிரேடு டெஸ்ட் எழுதி, அதில் பாதிப் பேர் கோட்டைவிட்ட இடத்தில் பாஸ் செய்து ஆபரேட்டர் நாற்காலியில் உட்கார்ந்தேன். சிபாரிசுக் கடிதம் என்று ஒரு துண்டுத் தாள் என் ஃபைலில் கிடையாது. போய்ப் பார்க்கலாம்.

நான் ஓட்டியது ஆயிரத்து நானூறு லிட்டர் மெஷின். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு பெரிய இரும்புச் சக்கரம், அதன் விளிம்பைச் சுற்றி வாளிகள். ஒரு வாளி ஆயிரத்து நானூறு லிட்டர் கொள்ளும். சக்கரம் சுற்றச் சுற்ற வாளிகள் மண்ணைக் கடித்து எடுத்து பெல்ட்டில் கொட்டும். மண்ணுக்கு அடியில் நிலக்கரி. மெஷினின் உயரத்துக்கு எங்கள் பிளாக் குவார்ட்டர்ஸை ஒன்றின்மேல் ஒன்றாக ஏழெட்டு அடுக்க வேண்டும். முந்நூற்றைம்பது லிட்டர் மெஷின் இருக்கிறது, எழுநூறு இருக்கிறது, ஆயிரத்து நானூறு இருக்கிறது. எங்கள் ஊரில் ஒருவன் எந்த மெஷின் ஓட்டுகிறான் என்று கேட்டால் லிட்டரைத்தான் சொல்வோம். எண் பெரியது என்றால் மெஷின் பெரியது. மெஷின் பெரியது என்றால் அதை ஓட்டுகிறவனும் பெரியவன். இருபத்தாறு வருடம் இந்தக் கணக்கில்தான் நான் வாழ்ந்தேன். இந்தக் கணக்கு என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதுதான் சங்கதி.

எல்லோர் கையிலும் தடவுகிற போன் வர ஆரம்பித்திருந்த காலம். அடுத்த ஜனவரியில் எனக்கு ரிட்டயர்மெண்ட். அப்போதுதான் ஒன்று உறைத்தது. அந்த மெஷினோடு நான் இருக்கிற மாதிரி ஒரு போட்டோகூடக் கிடையாது. மைன்சுக்குள் கேமரா, போன் எதையும் கொண்டு இறங்கக் கூடாது. கேட்டில் வாங்கி வைத்துவிடுவார்கள். சாப்பாட்டுத் தூக்கில் ஒளித்துக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. நான் அந்த ஜாதி ஆள் இல்லை.

ஆனால் ஒரு வழி இருந்தது. ஆயுத பூஜை அன்று தொழிலாளர் குடும்பங்களைப் பஸ்ஸில் ஏற்றி, சுரங்கத்தின் விளிம்பில் இருக்கும் பார்வை மேடை வரை கூட்டி வருவார்கள். கீழே இறங்க விடமாட்டார்கள். மேடையில் நின்று பார்க்கலாம், படமும் எடுத்துக்கொள்ளலாம். அன்றைக்கு மட்டும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அந்த வருடம் எனக்குப் பூஜை அன்று காலை ஷிப்ட். மெஷினை நிறுத்திப் பூஜை போடும் நேரத்தில் நான் கேபின் வாசலில் வந்து நிற்பேன். மேடையிலிருந்து மருமகன் படம் எடுப்பார். பெரிதாகப் பிரிண்ட் போட்டு ஹாலில் மாட்டுவேன். ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வடக்குத்தில் கட்டியிருக்கும் சொந்த வீட்டுக்குப் போகிறோம். அந்த ஹால் சுவரில் ஆணிகூட அடித்து வைத்துவிட்டேன். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு படம். அடுத்த பூஜைக்கு அந்தக் கேபினில் வேறொருவன் இருப்பான்.

மேடைக்கும் மெஷினுக்கும் நடுவே அரைக் கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். போனில் எடுத்தால் தெரியாது என்று எனக்கே தெரியும். நல்ல கேமராவாக வாங்கலாம் என்று மருமகனைக் கூட்டிக்கொண்டு கடலூர் போனேன். மருமகன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. படித்தவர், நல்லவர். நல்லவர் என்று இப்போதும் சொல்கிறேன், கோபத்தோடு சொல்கிறேன்.

கடையில் டை கட்டிய ஒரு ஆள். அவனிடம் நான் சுற்றி வளைக்கவில்லை.

“அரை கிலோமீட்டருக்கு அந்தாண்ட ஒரு மெஷின் மேல நின்னுகினு இருப்பேன். என் மூஞ்சி தெரியணும். மீச தெரியணும். அதுக்கு எது தோதோ அத எடுங்க.”

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் சொல்ல முடியுமா? அவன் இரண்டு கேமராக்களைக் கொண்டுவந்து கண்ணாடி மேசைமேல் வைத்தான். ஒன்று சின்னது, லேசானது, பொம்மை மாதிரி இருந்தது. இன்னொன்று கனமாக, கறுப்பாக, கையில் எடுத்தால் எடுத்தது தெரிந்தது.

“இது பிரிட்ஜ் கேமராங்க ஐயா. லென்ஸ் கழட்ட முடியாது. ஜூம் அம்பது எக்ஸ் வருது. இது டி.எஸ்.எல்.ஆர். போட்டோகிராபருங்க எல்லாரும் இததான் வச்சிருக்காங்க. லென்ஸ் மாத்திக்கலாம். கூடவே பதினெட்டு – அம்பத்தஞ்சு லென்ஸ் ஒண்ணு வருது.”

நான் இரண்டையும் கைக்கு ஒன்றாகத் தூக்கிப் பார்த்தேன்.

“அது அம்பது. இது அம்பத்தஞ்சு. அப்ப இதானே தூரம் போவும்?”

அந்த ஆள் என்னைப் பார்த்தான். பிறகு என் மருமகனைப் பார்த்தான். மருமகன் கேமராவைப் பார்த்தார். அந்த ஒரு நொடி எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது. மூன்று பேர் நிற்கிறோம், இரண்டு பேருக்கு விஷயம் தெரியும், தெரியாதவன் நான் ஒருவன். தெரிந்த இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

“எடுங்கய்யா, உங்களுக்கு இதான் கரெக்டா இருக்கும்” என்றான் டை கட்டியவன்.

“என்னா சொல்றீங்க மாப்ள?”

“நல்ல கேமரா மாமா. பாப்பாவ எடுத்தா பின்னாடி எல்லாம் மங்கலா, மூஞ்சி மட்டும் பளிச்சுனு வரும்.”

நான் கேட்டது பேத்திப் பாப்பாவைப் பற்றியா? ஆனால் அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. பெரிய கேமரா என் கையில் இருந்தது. விலை என்ன என்றுகூட நான் கேட்கவில்லை. அப்படி ஒரு மனிதன் நான்.

வீட்டுக்கு வந்ததும் பேத்தியை எடுத்தோம். உண்மையைச் சொல்ல வேண்டும், படம் அருமையாக இருந்தது. கண் இமை ஒவ்வொன்றும் எண்ணுகிற மாதிரி. பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நான் அந்தக் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பால் வாங்கப் போனேன் என்று என் மகள் இப்போதும் சொல்லிச் சிரிப்பாள். போனேன்தான். யாருக்கு என்ன?

என் மனைவி மட்டும் ஒன்று சொன்னாள். “ஏங்க, பூசைக்கு இன்னும் ரெண்டு நாளு கெடக்குது. மாடிக்குப் போயி, அதோ தெரியுதே தண்ணி டாங்கி, அதுல எழுதிருக்கிற நம்பர எடுத்துப் பாருங்களேன். தெரியுதா இல்லியான்னு இப்பவே தெரிஞ்சிடும்.”

“இருவத்தாறு வருசம் மெஷின் ஓட்டுனவனுக்கு நீ டிரையல் பாக்கக் கத்துக் குடுக்கிறியா? போயி சுண்டலுக்கு ஊறப் போடு.”

அவள் ஊறப் போடப் போய்விட்டாள்.

ஒவ்வொரு ஷிப்டிலும் மெஷினை எடுப்பதற்கு முன்னால் பிரேக் பார்ப்பேன், கயிறு பார்ப்பேன், சைரன் அடித்து வெறும் சக்கரத்தைச் சுற்றவிட்டுத்தான் மண்ணில் வைப்பேன். பார்க்காமல் ஒரு நாளும் வைத்ததில்லை. அப்படிப்பட்ட நான் மாடிப்படி ஏற மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தேன்.

பூஜை அன்று விடியலில் ஒரு தூறல் போட்டு நின்றிருந்தது. காற்றில் தூசியே இல்லை. மெஷினைக் கழுவி, கேபினுக்கு இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, சக்கரத்துக்கு மாலை போட்டிருந்தோம். நான் புது யூனிஃபார்ம் தைத்து வைத்திருந்தேன். நெற்றியில் விபூதி, மீசைக்குக் கொஞ்சம் மை. அதையும் மறைக்கவில்லை.

என் ஹெல்பர், நாற்பது வயது ஆள், கிண்டலடித்துக்கொண்டே இருந்தான். “என்னாண்ணே, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி நிக்கிறீங்க! அண்ணிக்கிட்ட சொல்லட்டா?”

“போடா, பொரிய கட்டுடா” என்றேன்.

பூசணிக்காய் உடைத்ததும் கேபின் வாசலில் வந்து நின்றேன். தூரத்தில் மேடையில் கலர் கலராக ஒரு கோடு தெரிந்தது. அதுதான் ஜனங்கள். ஹெல்மெட்டைக் கழற்றி இரண்டு தடவை ஆட்டினால் படம் எடுக்க வேண்டும் என்று மருமகனிடம் சொல்லி வைத்திருந்தேன். ஆட்டினேன். பிறகு ஒரு கையைக் கைப்பிடியில் வைத்து, நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். கண் சிமிட்டி விடுமோ என்று சிமிட்டாமல் நின்றேன். கால் மணி நேரம் நின்றிருப்பேன். என் ஆட்கள் கீழே சுண்டல் தின்றுகொண்டு சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், என் வீட்டுச் சுவரில் நான் இருப்பேன், நீங்கள் இருக்க மாட்டீர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஷிப்ட் முடிந்து சைக்கிளை மிதித்த வேகத்தில் செயின் கழன்றுவிட்டது. கைநிறைய கிரீஸோடு வீட்டுக்குள் போனேன்.

“எங்க, காட்டுங்க மாப்ள.”

மருமகன் மெதுவாக கம்ப்யூட்டரைத் திறந்தார். படம் வந்தது. வானம் வந்தது, சுரங்கம் முழுக்க வந்தது, மண்ணின் ஒவ்வொரு படிக்கட்டும் வந்தது. நடுவில் மெஷின், தீப்பெட்டி அளவுக்கு.

“நான் எங்க?”

அவர் படத்தைப் பெரிதாக்கினார். மெஷின் வந்தது. இன்னும் பெரிதாக்கினார். கேபின் வந்தது, ஆனால் கட்டம் கட்டமாக உடைந்து வந்தது. இன்னும் பெரிதாக்கினார். வாசலில் ஒரு நீலப் புள்ளி. அதற்கு மேலே ஒரு கறுப்புப் புள்ளி.

“இதான் மாமா, நீங்க.”

மகள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

“அம்பத்தஞ்சு வரைக்கும் திருப்புனீங்களா?”

“ஃபுல்லா திருப்பிட்டேன் மாமா. அம்பத்தஞ்சுங்கிறது மில்லிமீட்டர். அது அந்த லென்சோட கணக்கு. அந்தச் சின்ன கேமராவுல அம்பது எக்ஸ்னா, ஆரம்பிக்கிற எடத்துலேர்ந்து அம்பது மடங்கு. ரெண்டும் வேற வேற கணக்கு. இதுல தூரத்துல எடுக்கணும்னா தனியா பெரிய லென்ஸ் வாங்கணும்.”

“இது உங்களுக்கு எப்பத் தெரியும்?”

அவர் கேமராவின் வாரை மடித்துச் சுற்றினார்.

“கடையிலயே தெரியுமா?”

“தெரியும் மாமா. கடைக்காரன் முன்னாடி நீங்க தப்பா சொல்றீங்கன்னு எப்படிச் சொல்றது? மரியாதையா இருக்காதேன்னு… மேடையிலேர்ந்து இம்மாந்தூரம் இருக்கும்னு நான் நெனைக்கல.”

மரியாதை! நான் கத்திய கத்தலில் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் டி.வி. சத்தத்தைக் குறைத்தார்கள். பெல்ட் தடம் விட்டு ஒதுங்குவதைப் பார்த்துவிட்டு, ஆபரேட்டர் பெரியவர் ஆச்சே என்று வாயை மூடிக்கொண்டு நிற்கிற ஹெல்பரை நான் ஒரு ஷிப்ட்கூட என்கூட வைத்துக்கொண்டதில்லை. அவன் மரியாதையால் நாலு பேர் செத்துப்போவார்கள். தப்பு என்றால் தப்பு என்று கத்த வேண்டும். அதுதான் மெஷினுக்குச் செய்கிற மரியாதை, மனுஷனுக்கும் அதுதான். கடைக்காரன் ஏமாற்றினான், அவன் பிழைப்பு அது என்று விடலாம். வீட்டு மனுஷன் பக்கத்தில் நின்றுகொண்டு, மாமனார் மூக்கறுபடக் கூடாது என்று பார்த்து, மாமனாரின் முகத்தையே இல்லாமல் பண்ணிவிட்டாரே! இதையெல்லாம் அன்றைக்குச் சொன்னேன். இதைவிட மோசமாகவும் சொன்னேன். மகள் அழுதாள். மருமகன் தலையைக் குனிந்துகொண்டு, “சாரி மாமா, சாரி மாமா” என்றார்.

அப்போதுதான் என் மனைவி வந்தாள். கையில் இருந்த கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

“அவரு சொல்லல, சரி. நான் சொன்னேனே. டாங்கிய எடுத்துப் பாருங்கன்னு நான் சொன்னேனா இல்லியா? எனக்கு என்னா பதிலு சொன்னீங்க? உங்ககிட்ட தப்புன்னு சொல்லிட்டு இந்த வூட்ல யாரு நிம்மதியா சோறு துன்னுருக்காங்க?”

நான் கையில் இருந்த கிரீஸைத் துடைக்கத் துணி தேடினேன்.

அவள் கம்ப்யூட்டர் பக்கம் குனிந்து அந்தப் புள்ளியைப் பார்த்தாள். “மேடையிலேர்ந்து எங்க கண்ணுக்கும் நீங்க இம்மாந்தான் தெரிஞ்சீங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஜனவரியில் மாலை போட்டு, குத்துவிளக்கு கொடுத்து அனுப்பிவைத்தார்கள். ஆபீஸில் வரிசையாக நிற்கவைத்து ஒரு போட்டோ எடுத்தார்கள். அதில் மெஷின் இல்லை. பத்துப் பேரில் ஒருவனாக நாற்காலியில் நான். அதை நான் மாட்டவில்லை. வடக்குத்து வீட்டில் அந்த ஆணி சும்மா இருந்தது. வருகிறவர்கள் சட்டையைக் கழற்றி அதில் மாட்டப் பார்ப்பார்கள். “அதுல மாட்டாதீங்க” என்பேன். ஏன் என்று யாருக்கும் சொன்னதில்லை.

கேமராவை மருமகனிடமே கொடுத்துவிட்டேன். கோபத்தில் கொடுத்தேன், பாசத்தில் இல்லை. அவர் அதில் பேத்தியை நன்றாகவே எடுக்கிறார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிகிறது. படம் நன்றாக இருப்பதால்தான் எரிகிறது. அந்தக் கேமரா மேல் ஒரு குற்றமும் இல்லை. கிட்டத்தில் இருக்கிறதை எடுக்கிற வேலைக்கு அது ராஜா. முந்நூற்றைம்பது லிட்டர் மெஷின் நுழைகிற சந்தில் ஆயிரத்து நானூறைக் கொண்டுபோய் நிறுத்தினால் எது பெரியது என்ற பேச்சுக்கே இடமில்லை. எனக்கு இது தெரியும். மண்ணில் தெரிந்தது, கடையில் தெரியாமல் போய்விட்டது.

அடுத்த ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் முன்னால் நான் தனியாகப் பாண்டிச்சேரி போனேன். அந்தச் சின்ன கேமரா வகையைக் கேட்டேன். கடைக்காரர் விளக்கம் சொல்ல வாயெடுத்தார். “பேச்சு வேணாம், வெளிய வாங்க” என்றேன். கேமராவைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வரவைத்து, தெருக்கோடியில் நின்ற பஸ்ஸின் நம்பர் போர்டை எடுத்துக் காட்டச் சொன்னேன். எடுத்தார். எண் மட்டுமா, போர்டை இறுக்கியிருந்த போல்ட்டும் தெரிந்தது. அந்த இடத்திலேயே வாங்கினேன். வெயிலில் நிற்கவைத்ததற்கு அவர் முனகினார். முனகட்டும்.

என் இடத்துக்கு ஆபரேட்டராக வந்தது என் பழைய ஹெல்பர்தான். தன் பெயரைச் சொல்லி எங்களுக்குப் பாஸ் வாங்கினான். இருபத்தாறு வருடம் அந்தப் பள்ளத்தை வெட்டினவன், அதைப் பார்க்க அவனுடைய விருந்தாளியாக பஸ்ஸில் வரிசையில் நின்று ஏறினேன். பக்கத்தில் ஒரு பெண்மணி தன் பையனிடம், “கீழ தெரியுது பாரு, அதான் கிரேனு” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அது கிரேன் இல்லை என்று மேடை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன்.

கேமராவைத் தூணில் அணைத்து வைத்து ஜூமை இழுத்தேன். மெஷின் எழுந்து வந்தது. சக்கரம் வந்தது, மாலை வந்தது, ஏணி வந்தது, கைப்பிடி வந்தது. என் கை பட்டுப் பட்டு பெயின்ட் தேய்ந்த இடம்கூட வந்தது. வாசலில் அவன் நின்றான்.

மனைவியிடம் கொடுத்தேன். அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

“இங்கியா நின்னுகினு இருந்தீங்க, இத்தினி வருசமும்?”

“ஆமா.”

“இவ்ளோ ஒசரத்துலியா? கீழ கம்பிதானே தெரியுது, பலக கூட இல்லியே.”

“அதெல்லாம் பழகிடும்.”

“சொன்னதே இல்லியே” என்றாள். கேமராவைத் திருப்பிக் கொடுக்கவில்லை. நானாகத்தான் வாங்கினேன். வாங்கி, அவனை எடுத்தேன். எடுக்காமல் என்ன செய்வது? தெளிவான காலை, சரியான கேமரா, மாலை போட்ட மெஷின். ஆள்தான் வேறு.

பெரிதாகப் பிரிண்ட் போட்டு, சட்டம் அடித்து, ஷிப்ட் விடுகிற நேரத்தில் மைன்ஸ் கேட்டுக்கு வெளியே டீக்கடையில் போய் உட்கார்ந்தேன். அவன் வந்தான். காகிதத்தைப் பிரித்துப் பார்த்ததும் படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினான். உடன் வந்தவர்கள் எல்லோரும் சுற்றி நின்றுகொண்டார்கள்.

“அண்ணே, நானாண்ணே இது! எம் பொஞ்சாதி பாத்தா அழுதுடுவாண்ணே. மீசை கூட தெரியுதேண்ணே!” படத்தைத் தொடாமல் விரலை அதன்மேல் ஓட்டினான். பிறகு நிமிர்ந்து பார்த்தான். “உங்களுது எங்கண்ணே? போன வருசம் அவ்ளோ நேரம் நின்னுகினு இருந்தீங்களே, அத மாட்டிட்டீங்களா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“அத வுடு. இங்க பார்றா” என்றேன். படத்தில் அவன் தாடைக்குக் கீழே விரலை வைத்தேன். “ஹெல்மெட்டு பட்ட தொங்குது. ஒரு கையில வட. கைப்பிடிய புடிக்காம அந்த ஒசரத்துல நின்னுகினு வட துன்றியா? அது என்னா உன் மாமியா வூடா? நான் ஓட்டுன மெஷின்டா அது!”

டீக்கடையே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.